பெர்கின்ஸ் பிரெய்லர்: பார்வையும் செவியும் குறைந்த பிள்ளைக்கு ஒரு பென்சில்

பார்வை, செவி இரண்டும் குறைந்த பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் நான். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இந்த இரண்டோடு கை கால் அசைவிலும் சிரமம் இருக்கும். "எழுதப் பழக்க எதை வாங்கலாம் டீச்சர்?" என்று கேட்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது பெர்கின்ஸ் பிரெய்லர். விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளியெழுத்தைக் காகிதத்தில் அடிக்கும் இயந்திரம் அது. புதுக் கருவிகள் எத்தனையோ வந்திருக்க, 1951-ல் தயாரிப்புக்கு வந்த ஒரு உலோக இயந்திரத்தை ஏன் சொல்கிறேன் என்பதை ஒரு முறை விரிவாக எழுதிவிடுகிறேன். குறைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மற்ற கருவிகள் எங்கே கைவிடுகின்றன என்று பார்த்துவிடலாம். பார்வையற்றோருக்குக் கருவி செய்கிறவர்கள் காதை நம்பிச் செய்கிறார்கள். விசையை அழுத்தினால் எழுத்தின் பெயரைச் சொல்லும், சரியாக எழுதினால் ஒரு பாட்டு ஒலிக்கும். காது கேளாதோருக்குச் செய்கிறவர்கள் கண்ணை நம்பிச் செய்கிறார்கள். படம், விளக்கு, சைகை வீடியோ என்று இருக்கும். இரண்டு புலனும் குறைந்த பிள்ளை இவர்கள் இருவர் கணக்கிலும் வருவதில்லை. பிரெயில் கற்றுத்தரும் பேசும் கருவி ஒன்றை வகுப்பில் வைத்துப் பார்த்தோம். நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். ஆனால் பிள்ளை செய்தது சரியா தவறா என்கிற பதில் முழுக்க ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்தது. என் மாணவி விசையை அழுத்திவிட்டு, விரலை எடுக்காமல் காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். பிறகு கருவியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். அவள் செய்ததில் தப்பே இல்லை. அழுத்தினால் ஒன்றும் நடக்காத பொருளோடு யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

பெர்கின்ஸ் பிரெய்லரில் அழுத்தினால் நடக்கிறது, நடப்பது கைக்குத் தெரிகிறது. இந்த மதிப்புரையில் நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

இயந்திரத்தில் மொத்தம் ஒன்பது விசைகள். நடுவில் இடைவெளிக்கான கட்டை. அதன் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. பிரெயிலில் ஓர் எழுத்தோ குறியோ அமைகிற இடத்தைக் கட்டம் என்போம். அதன் ஆறு புள்ளிகளுக்கு இந்த ஆறு. இடக்கோடியில் அடுத்த வரிக்குப் போகிற விசை, வலக்கோடியில் ஒரு கட்டம் பின்னால் வருகிற விசை. எந்தெந்தப் புள்ளி வேண்டுமோ அந்த விசைகளை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். அழுத்தும்போது கைக்கு ஒரு கனமான எதிர்ப்பு கிடைக்கும், அடியில் போய் முட்டுகிற இடம் தெளிவாகத் தெரியும், விட்டால் விசை மேலே எழும்பும். எழுதும் தலைப்பகுதி ஒரு கட்டம் நகரும்போது அந்த அதிர்வு உடல் முழுக்க ஓடி மேசைக்கும் இறங்கும். வரி முடியப் போகிறது என்றால் உள்ளே ஒரு மணி அடிக்கும். மேலே ஒரு கையை வைத்திருந்தால் மணியையும் உணரலாம்.

இதைவிட முக்கியம், புள்ளிகள் மேல்நோக்கி எழும்புவது. எழுதிய எழுத்தைக் காகிதத்தை வெளியே எடுக்காமலே தடவிப் பார்க்கலாம். ஸ்லேட், ஸ்டைலஸ், அதாவது துளைச் சட்டமும் குத்தும் ஊசியும் வைத்து எழுதியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக் குத்த வேண்டும். குத்தியதைப் படிக்கக் காகிதத்தைக் கழற்றிப் புரட்ட வேண்டும். மொழி ஏற்கெனவே கையில் இருக்கும் பிள்ளை அதைச் சமாளித்துவிடும், சட்டைப்பையில் வைக்கிற அளவுக்கு எளிய கருவியும் அதுதான். ஆனால் 'நான் செய்தேன், இது வந்தது' என்கிற தொடர்பையே இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு, செய்கைக்கும் விளைவுக்கும் நடுவே இத்தனை படி இருந்தால் தொடர்பு அறுந்துபோகும்.

இந்த இயந்திரம் வந்த இடமும் பொருத்தமானது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் கைத்தொழில் கற்பித்த டேவிட் ஆபிரகாம் என்ற ஆசிரியர் வடிவமைத்தது. மாதிரி 1930-களின் கடைசியிலேயே தயாராகிவிட்டது. இரண்டாம் உலகப்போர் குறுக்கே வந்ததால் தயாரிப்பு 1951 வரை தள்ளிப்போனது. அதே பள்ளிக்குத்தான் 1837-ல் லாரா பிரிட்ஜ்மன் என்ற ஏழு வயதுச் சிறுமி வந்து சேர்ந்தாள். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் பார்வையும் செவியும் போனவள். பள்ளியின் இயக்குநர் சாமுவேல் கிரிட்லி ஹோவ், கரண்டி, கத்தி, சாவி போன்ற பொருள்களில் மேடெழுத்துச் சீட்டு ஒட்டி அவளுக்குச் சொல் கற்றுத்தந்தார். பிறகு தனித்தனி உலோக எழுத்துகளையும் அவற்றைச் செருகி நிறுத்தத் துளையிட்ட ஒரு பலகையையும் கொடுத்தார். படிக்க மட்டுமல்ல, தானே அடுக்கிச் சொல்லவும் அவளுக்கு அது வழியானது. ஹெலன் கெல்லருக்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. எழுத்துத் தெரிந்த பிறகு எழுத விடலாம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்களுக்கு நான் லாராவைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

ஏனென்றால் எங்கள் துறையில் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான். முதலில் பொருளைப் பொருத்தட்டும், முதலில் ஆறு புள்ளியை எண்ணட்டும், முதலில் ஒழுங்காக உட்காரட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், பள்ளிப்பருவமே முடிந்துவிடும். கண் தெரிகிற பிள்ளைக்கு யாராவது அப்படி நிபந்தனை போடுகிறார்களா? கையில் பென்சில் கிடைத்த அன்றே சுவரில் கிறுக்குகிறது. அந்தக் கிறுக்கலைப் பார்த்து வீடே சந்தோஷப்படுகிறது. பிரெயில் பிள்ளைக்கும் கிறுக்கும் உரிமை உண்டு. பெர்கின்ஸ் அவர்கள் பென்சில்.

கிறுக்கல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நான் மேலே சொன்ன அதே மாணவிதான். கொஞ்சம் வெளிச்சம் தெரியும், பெரிய சத்தத்தின் அதிர்வு தெரியும், அவ்வளவுதான். அவள் கைகளைப் பிடித்து விசையில் வைத்து அழுத்தவில்லை. என் கைகளை விசைமேல் வைத்து, அவள் கைகளை என் கைகள்மேல் வைத்துக்கொள்ள விட்டேன். கைக்குக் கீழே கை என்று நாங்கள் சொல்வது இதுதான். அவள் கை மேலே இருப்பதால் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். பிடியில் சிக்கிய கைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நான் எழுத எழுத, விரல்கள் இறங்குவதையும் ஏறுவதையும் அவள் தொடர்ந்து வந்தாள். அப்புறம் அவள் இடக்கை மெல்ல என் கையைவிட்டு விலகி இயந்திரத்தின் மேற்புறத்துக்குப் போனது. நகர்கிற தலைப்பகுதியைக் கண்டுபிடித்துவிட்டாள். அதன்மேல் விரலை வைத்தபடியே மறு கையால் என் கையைத் தட்டினாள், இன்னும் அழுத்து என்று. நான் ஒரு கையை எடுத்துக்கொண்டேன், பிறகு இன்னொன்றையும். அவளே உள்ளங்கையால் ஆறு விசையையும் சேர்த்து அறைந்தாள். தலைப்பகுதி நகர்ந்தது. மறுபடி அறைந்தாள். வரி முடிந்து தலைப்பகுதி நின்றுபோனதும் குனிந்து தாடையை இயந்திரத்தின்மேல் வைத்து, ஏன் நகரவில்லை என்று தேடினாள். வரி மாற்றும் விசையை அழுத்துவதையும், தலைப்பகுதியைத் தொடக்கத்துக்குத் தள்ளுவதையும் அன்றைக்கே கைக்குக் கீழே கை வைத்துக் காட்டினேன்.

அந்தக் காகிதத்தில் இருந்தவை முழுக்க ஆறு புள்ளிக் கட்டங்கள், நடுநடுவே அரைகுறைப் புள்ளிகள். அதற்கு அர்த்தம் உண்டா என்று கேட்டால், எழுதியவளுக்கு உண்டு என்பேன். காகிதத்தை உருவி அவள் கையில் கொடுத்தபோது முதல் வரியிலிருந்து கடைசிவரை தடவினாள். அதைக் கிழித்துப் போடாமல் துளையிட்டு அவள் அனுபவப் புத்தகத்தில் சேர்த்தோம். அனுபவப் புத்தகம் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைக்குத் தொட்ட ஒரு பொருளை ஒட்டி, கீழே ஒரு வரி பிரெயில் எழுதிவைக்கும் கெட்டி அட்டைப் புத்தகம். குளித்த நாளுக்கு அதே துண்டிலிருந்து ஒரு கீற்று, ஊஞ்சல் ஆடிய நாளுக்கு அதே கயிற்றின் ஒரு துணுக்கு. கடையில் கிடைக்கிற பொம்மை வாளி, பிளாஸ்டிக் மரம் ஒட்டாதீர்கள். கண்ணுக்கு மரம்போலத் தெரிவது கைக்குப் பிளாஸ்டிக்தான். அவள் எழுதிய வரிக்கு எதிரே நான் ஒரு வரி எழுதுவேன். அவள் வரியைத் திருத்துவதில்லை.

எழுத்துக்கு வரும்போது பெர்கின்ஸ் இன்னொரு விதத்தில் கைகொடுக்கிறது. தமிழ்ப் பிரெயிலில் 'அ' ஒற்றைப் புள்ளி. இடது ஆள்காட்டி விரல் ஒன்று போதும். 'க' இரண்டு புள்ளி, 'ம' மூன்று. 'அம்மா' என்று எழுத ஐந்து கட்டங்கள்: 'அ', மெய்யைக் காட்டும் நான்காம் புள்ளி, அடுத்தடுத்து இரண்டு 'ம', கடைசியில் 'ஆ'. ஒற்றைப் புள்ளிகள் இரண்டு, பிறகு மூன்று புள்ளிக் கட்டங்கள் மூன்று. விரல் ஓடும்போது லேசாகத் தொடங்கிக் கனத்து முடியும். முழு எழுத்துகளும் தெரியாத பிள்ளைகூட அந்தச் சொல்லின் வடிவத்தைத் தன் பெயரின் வடிவத்திலிருந்து பிரித்துக் கண்டுகொள்வதை வகுப்பில் பார்க்கிறேன். ஆனால் பழக்கமான சில எழுத்துகளுக்கு வேண்டிய விசைகளை மட்டும் விட்டு மற்றவற்றை மூடிவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. ஆறு விசையும் திறந்திருந்தால்தான் எல்லா எழுத்தும் அவள் கைக்கு எட்டும்.

குழப்பம் தருகிற ஓர் இடம் உண்டு. பிரெயில் கட்டத்தில் புள்ளிகள் மேலிருந்து கீழாக இரண்டு வரிசை: இடப்பக்கம் 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. விசைப்பலகையிலோ அவை படுக்கை வசத்தில் விரிந்து 3, 2, 1, இடைவெளிக் கட்டை, 4, 5, 6 என்று இருக்கும். கண் தெரிந்தவருக்கே ஒரு கணம் தடுமாறும். அமெரிக்கன் பிரின்டிங் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஸ்விங் செல்' இதற்கென்றே செய்தது. ஆறு துளையும் முளைகளும் கொண்ட கட்டை. மூடினால் பிரெயில் கட்டம், கதவுபோல விரித்தால் விசை வரிசை. முளையை எடுத்துச் செருகி, விரித்து, மூடிப் பார்க்கும் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. பிரெய்லரோடு சேர்த்து ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

இனி குறைகள். முதல் குறை கனம். பழைய வடிவ இயந்திரம் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளை தூக்கிப் போக முடியாது. 2008-ல் வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வடிவம் இதைவிடக் கனம் குறைந்தது, சத்தமும் குறைவு, அழிக்கும் விசையும் உண்டு. பார்வை மட்டும் குறைந்து சாதாரண வகுப்பில் படிக்கும் பிள்ளை என்றால் அதையே சொல்வேன். எங்கள் பிள்ளைகளுக்கு நான் பழையதையே விரும்புகிறேன். அந்தக் கனமும் அந்தச் சத்தமும்தான் அவர்களுக்குப் பதில் சொல்கின்றன. பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்று அடியில் தடித்த கம்பளத் துணி விரிக்கச் சொல்வார்கள். விரித்துப் பார்த்தால் மேசையில் அதிர்வே இருக்காது. வெறும் மரமேசைமேல் வைத்து, நழுவாமல் இருக்க நாலு காலுக்கும் மட்டும் சிறு ரப்பர் துண்டு வையுங்கள். சத்தத்துக்கு வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, விசையின் இறுக்கம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தசை தளர்ந்த பிள்ளைகளுக்கு விசை அடிவரை போகாது, புள்ளி பாதிதான் எழும்பும், பாதிப் புள்ளியை விரல் கண்டுபிடிக்காது. சார்ஜ் (CHARGE) நோய்க்குறித் தொகுதி, அதாவது கண், காது உட்படப் பல உறுப்புகளைப் பிறவியிலேயே பாதிக்கும் நிலை, உள்ள பிள்ளைகள் பலருக்கு உட்காதின் சமநிலை உறுப்பே சரியாக இருக்காது. நேராக உட்கார்வதற்கே முழுப் பலமும் செலவாகிவிடும், விரலுக்கு மிச்சம் இருக்காது. அவர்களுக்கு முதுகும் காலும் நன்றாக ஊன்றும்படி நாற்காலியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு இயந்திரத்தைக் குறை சொல்லுங்கள். முழங்கை உயரத்துக்கு மேல் மேசை போகக்கூடாது. அதற்கும் பிறகு சிரமம் என்றால் விசைமேல் மாட்டும் நீட்டிப்புகள் கிடைக்கின்றன, குறைந்த அழுத்தத்தில் இயங்கும் 'லைட் டச்' வடிவமும் உண்டு. ஒரு கை மட்டுமே பயன்படும் பிள்ளைக்கு 'யூனிமேனுவல்' என்று தனி வடிவம். அதில் கட்டத்தின் ஒரு பாதியை அழுத்திவிட்டு மறு பாதியை அதே கையால் அடுத்து அழுத்தலாம். தவறான வடிவத்தை வாங்கிவிட்டுப் பிள்ளைக்கு முடியவில்லை என்று முடிவுகட்டுவதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

மூன்றாவது குறை, பிள்ளை எழுதியதைச் சுற்றியிருப்பவர்களால் படிக்க முடியாது. வகுப்பாசிரியருக்கும் அண்ணன் தங்கைகளுக்கும் பிரெயில் தெரியாது. நான் ஒவ்வொரு வரிக்கு மேலேயும் பென்சிலால் சாதாரண எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். கணினியோடு இணைந்து, எழுத்தைச் சிறு முளைகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் திரைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும். மொழி வளர்ந்து, கடிதமும் செய்தியும் எழுதுகிற கட்டத்துக்கு வந்த பிள்ளைக்கு அவை அவசியம், தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் தொடக்கத்தில், முளைகள் எழும்பிச் சட்டென மறைந்துவிடும் திரையைவிட, கையில் எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுக்க ஒரு காகிதம் இருப்பது எவ்வளவோ மேல்.

காகிதம் செருகுவதில் ஒரு குறிப்பு. புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பக்கத்துக் குமிழை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக, அது நிற்கும்வரை சுழற்றுங்கள். காகிதம் பிடிக்கும் நெம்புகளைத் திறந்து, காகிதத்தைச் செருகி, நெம்புகளை மூடி, குமிழை உங்கள் பக்கமாக நிற்கும்வரை சுருட்டுங்கள். பிறகு வரி மாற்றும் விசையை ஒரு முறை அழுத்தினால் முதல் வரி நிலையாக நிற்கும். முழுக்கச் சுருட்டாமல் எழுதத் தொடங்கினால் வரிகள் கோணும். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்துவைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். குமிழ் சுழல்வதும் காகிதம் உள்ளே போவதும் அவளுக்கு 'இப்போது எழுதப் போகிறோம்' என்கிற அறிவிப்பு. அன்றைய வேலைகளைத் தொட்டறியும் பொருள்களால் வரிசைப்படுத்திக் காட்டும் எங்கள் நாள் அட்டவணைப் பெட்டியில் எழுதும் நேரத்துக்கான அடையாளப் பொருளாக ஒரு கழன்ற குமிழையே வைத்திருக்கிறோம்.

பழைய இயந்திரம் வாங்குவதாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், நன்றாகப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். வாங்கும் முன் கனமான பிரெயில் காகிதம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மெல்லிய தாளில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வரி முழுக்க ஆறு புள்ளியும் அடித்து, கண்ணை மூடி விரலால் ஓட்டிப் பாருங்கள். எந்தப் புள்ளியாவது தொடர்ந்து மழுங்கி இருந்தால் அந்த விசையில் கோளாறு. தலைப்பகுதியை வலக்கோடிவரை நகர்த்தி, தடை எங்காவது தட்டுகிறதா என்று கவனியுங்கள். கடைசியில் மணி அடிக்கிறதா பாருங்கள். காது கேட்காத பிள்ளைக்கு மணி எதற்கு என்று விற்கிறவர் சொன்னால், சரிசெய்து தந்த பிறகு வாங்குங்கள்.